துண்டுக்கடியில் கைமாறிய கேப்டன்

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரும்படி ஆபீசில் கேட்டார்கள். "நீங்கதான் ஓய்வு பெற்றாச்சே, நேரம் இருக்குமே" என்றார்கள். ஓய்வு என்பது பெரிய வார்த்தை. நம் தொழிலில் பென்ஷனும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதாகச் சொன்ன டாக்டர், "ஒன்று கம்ப்யூட்டரை விடுங்கள், இல்லை கழுத்தை விடுங்கள்" என்றார். இரண்டில் எது எனக்கு அதிகம் உபயோகப்பட்டிருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு கம்ப்யூட்டரை விட்டேன்.

அறிவுரை சொல்லும் உத்தேசம் இல்லை. இந்த வேலைக்கு வருமுன், பரீட்சையில் தவறியவர்களை மறுபடி எழுதவைக்கும் ஒரு பேரலல் காலேஜில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். நான் சொல்லி யாரும் எதையும் கேட்டதில்லை என்பதற்கு எருத்தேன்பதி முதல் பாலக்காடு வரை சாட்சிகள் நடமாடுகிறார்கள். அந்தக் காலேஜ் மூடப்பட்டபோது எனக்கு மிஞ்சியவை ஒரு பீரோ நிறையப் புத்தகங்களும் "மாஷ்" என்ற பட்டமும்தான். பாலக்காட்டில் வாத்தியார் என்றால் மாஷ். பட்டம் கடைசிவரை விடவில்லை.

இந்த ஆபீஸ் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. கஞ்சிக்கோட்டில், கோயமுத்தூர் ரோட்டின் மேல், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு கனடாவிலும் அமெரிக்காவிலும் நடக்கிற ஐஸ் ஹாக்கியைப் பற்றி எழுதினோம். அங்கே உள்ள ஒரு ரசிகர் இணையதளத்துக்கு இங்கிருந்து சரக்கு. எங்களில் யாரும் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. நாங்கள் நேரில் பார்த்த பெரிய ஐஸ், மீன்காரர் பெட்டியில் போடுவதற்காக ரோட்டோரம் வைத்து உடைப்பாரே, அதுதான்.

ஆட்டத்தைப் பற்றி எழுதுவதுகூடப் பரவாயில்லை. எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நடக்காத டிரேடு. அந்த ஊர் வழக்கம் இது: ஒரு அணி தன் ஆட்டக்காரரைக் கொடுத்து இன்னொரு அணியின் ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளும். 'சம்மதம் இல்லாமல் என்னை மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் விலக்கு எழுதி வாங்கிய சில பெரிய தலைகளைத் தவிர, மற்றவர்களை "உனக்குச் சம்மதமா" என்று யாரும் கேட்பதில்லை. காலையில் ஒரு ஊர், சாயங்காலம் மூட்டை முடிச்சோடு வேறு ஊர். யாரை யாருக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கற்பனையாக எழுதினால், ரசிகர்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள். ஒவ்வொரு சீசனிலும் டிரேடுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. அது மார்ச் மாத வாக்கில் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனல் அள்ளிக் கொட்டும் நேரத்தில்தான் நாங்கள் உறைந்த ஏரிகளைப் பற்றி உருகி உருகி எழுதுவோம்.

எங்களுக்குத் தலைமையாக இருந்தவர் மலைமேல் இருக்கும் சித்திரபுரத்துப் பெண். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை என்பதால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவர். ஆபீசில் எல்லோரும் "அக்கா" என்றதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்; நரைத்த தலையோடு அப்படிக் கூப்பிட்டது முதல் வாரம் மட்டும் கூச்சமாக இருந்தது. அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. போன் செய்து அனுமதி கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க சார். பேர் போட்டா, நீங்க தப்பா எழுதுனதுக்கெல்லாம் நான் திருத்தம் அனுப்பணும்" என்றார்.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து மாட்டுச்சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து, அழுத்தி, உதறித்தான் பேரம். வாய் மட்டும் வெளியே மழையைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். ஒருநாள் இதை வேடிக்கைக்காகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. "துண்டு இருக்கா சார்?" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் வேலைமுறை ஆகிவிட்டது. ஒரு அணிக்கு ஒருவர், எதிர் அணிக்கு இன்னொருவர். என் ஈரிழைத் துண்டுக்குள் இரண்டு கை. முழுக் கை என்றால் நட்சத்திர ஆட்டக்காரர், சுட்டுவிரல் கோல்கீப்பர், நடுவிரல் தடுப்பாட்டக்காரர், சுண்டுவிரல் அடுத்த வருடம் புது ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இருவருக்கும் கொஞ்சமாவது வலித்தால்தான் பேரம் முடியும். அதற்குமுன் நாங்கள் எழுதியதெல்லாம் ஒரு பக்கம் தானம், மறுபக்கம் கொள்ளையாக இருக்கும். துண்டு வந்த பிறகு எங்கள் கற்பனை டிரேடுகளில் ஒரு நியாயம் வந்தது. அங்கே ஆசிரியராக இருந்த கிரெக் ஒருமுறை வீடியோவில், "நீங்கள் எல்லாம் நிஜமான அணி மேலாளர்களைப் போலவே யோசிக்கிறீர்களே, எப்படி?" என்று கேட்டார். "பயிற்சி" என்றேன். மாட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

சந்தையில் இன்னொரு விதியும் உண்டு. கையை விட்டுவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் "ஒருவேளை", "இருந்தால்" என்றெல்லாம் பேசக் கூடாது. அந்த விதியையும் துண்டோடு சேர்த்து ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதனால் எங்கள் கட்டுரைகளில் 'கற்பனை' என்ற வார்த்தை தலைப்பில் மட்டும் இருக்கும். உள்ளே எல்லாம் நடந்து முடிந்த மாதிரியே எழுதுவோம். படிக்க விறுவிறுப்பாக இருக்கும். வேறு எந்த ஊர் ஆபீசுக்கும் இந்தத் தப்பு தோன்றியிருக்காது.

அந்த வருடம் டிரேடு கடைசி நாளும் எங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நாளும் ஒரே வாரத்தில் வந்தன. முதலாளி மாடியேறி வந்தார். பாலக்காட்டுப் பழைய ராவுத்தர் குடும்பம், தலைமுறையாக மெத்தை வியாபாரம். மாடி சும்மா கிடக்கிறதே என்று எங்களை உட்காரவைத்தவர்.

"மாஷே, இந்த வாரம் கெட்டியா எழுதுங்க. கீழே சரக்கு வைக்க இடமில்லே. இந்தக் கனடாப் பார்ட்டி போயிட்டா மெத்தையை மேலே ஏத்திடுவேன். அப்புறம் நீங்கல்லாம் அதுமேலே படுத்துத்தான் எழுதணும்."

"படுத்து எழுதினா கழுத்துக்கு நல்லதுங்க" என்றேன்.

"எழுந்திரிச்சுச் செய்ய வேலையே இருக்காதே, அதுதான் பிரச்சினை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சும்மா சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. எங்களுக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. அது போனால் மாடியே போச்சு.

கிரெக் கேட்டது ஒரு பெரிய டிரேடு. அதுவரை யாரும் எழுதத் துணியாதது. இரண்டு அணிகளின் பேரும் வேண்டாம். கிழக்கணி, மேற்கணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கணியின் கேப்டனைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தோம். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் சாமி மாதிரி. அவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அடுத்த சீசனில் இருந்துதான் அமலுக்கு வரும். அதாவது, அனுப்புவதென்றால் இப்போதே அனுப்ப வேண்டும். கற்பனைக்கு இதைவிடக் கெட்டியான அஸ்திவாரம் கிடைக்காது.

நான் கிழக்கு. முதலாளியின் அக்கா மகன் ஷாஜகான் மேற்கு. துண்டுக்குள் கையை விட்டோம்.

"ஏன் மாஷே, உங்க ஊர்ல கடலைக்காய் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே என் சுண்டுவிரலைத் தொட்டான். புது ஆள் உரிமை மட்டும் தருகிறானாம்.

"மழையே இல்லையே தம்பி, கடலைக்காய்க்கு எங்கே போறது" என்று அவன் சுட்டுவிரலைப் பிடித்து இழுத்தேன். கோல்கீப்பர் இல்லாமல் பேச்சே இல்லை.

"உங்க பெரிய பொண்ணு நல்லா இருக்குதா?" கையை உதறினான்.

"நல்லா இருக்குது. உனக்குத்தான் இன்னும் பொண்ணு அமையலைன்னு மாமா வருத்தப்பட்டார்" என்று நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

"மாஷே, அது துண்டுக்கு வெளியிலே பேசக் கூடாத விஷயம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் வாடியதைப் பார்த்து நான் நடுவிரலை விட்டேன். கோல்கீப்பர், அடுத்த வருடத்து உரிமை. கொடுத்து முடித்தபோது நிஜமாகவே ஒரு பையனைப் பறிகொடுத்த மாதிரி அவன் உட்கார்ந்திருந்தான். எனக்கும் கேப்டன் போன துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்தோடு எழுதினேன். அக்கா ஒரு கமாவைக்கூட எடுக்கவில்லை.

கட்டுரை நம் காலையில் வெளியானது. நமக்குச் சாயங்காலம் ஆனபோதுதான் அவர்களுக்கு விடிந்தது. கிழக்கணியின் ஊரில் ஒரு ரேடியோக்காரர் அதை எடுத்துப் படித்துவிட்டார், செய்தியாக. தலைப்பு நீளமாக இருக்கிறது என்று இணையதளத்தில் யாரோ முதல் வார்த்தையை வெட்டியிருந்தார்கள். வெட்டுப்பட்ட வார்த்தை 'கற்பனை'.

கிரெக் கூப்பிட்டார். அவர் முகம் அவ்வளவு பிரகாசமாக நான் பார்த்ததில்லை. தளம் தொடங்கியதில் இருந்து இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லையாம். "உடனே தொடர்ச்சி வேண்டும். இரண்டு அணிகளும் பேசிக்கொண்டிருப்பதாக வட்டாரங்கள் தெரிவிக்கின்றன என்று எழுதுங்கள். எங்கள் மதியத்துக்குள். ஒப்பந்தத்தைப் பற்றியும் அப்படியே பேசி முடித்துவிடலாம்."

"அரைமணி நேரம் கொடுங்க" என்று அக்கா வைத்துவிட்டார்.

அறையில் ஒரே உற்சாகம். நான் ஏற்கனவே மனதுக்குள் முதல் வாக்கியத்தை எழுதிவிட்டேன். வரலாறு நடத்தியவனுக்கு ஆதாரத்தை வளைக்கச் சொல்லித் தரவேண்டுமா என்ன? "அக்கா, யோசிச்சுப் பார்த்தா இது பொய்யே இல்லீங்க. கிழக்கணிக்காக நான் பேசினேன், மேற்கணிக்காக ஷாஜகான் பேசினான். நாங்க ரெண்டு பேரும் வட்டாரந்தானுங்களே? கஞ்சிக்கோடு வட்டாரம்."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஒரு சின்ன வீடியோ. கேப்டன் பயிற்சிக்குப் போகிற வழியில் நிருபர்கள் மறித்துக் கேட்கிறார்கள். பெரிய உடம்பு, முன்பல் ஒன்று இல்லை. "என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை" என்கிறார். கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுக்குப் போன் செய்தேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்பதற்கு முன்னால் யாராவது சொல்ல வேண்டுமே" என்கிறார். அவ்வளவுதான்.

அக்கா அதை மறுபடி ஓட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"நாங்க சித்திரபுரத்துல இருக்கையில, எங்கப்பாவுக்கு மாத்தல்னு ஒரு பேச்சு வந்துச்சு. டீ குடிக்கிற இடத்துல யாரோ சும்மா, 'இவரை அங்கிட்டுப் போட்டா எப்படி இருக்கும்'னு சொல்லிருக்காக. அம்புட்டுத்தேன். எங்கம்மா பாத்திரத்தையெல்லாம் சாக்குல கட்டிருச்சு. பள்ளிக்கூடத்துல என் கூட்டாளிக அழுது, ரிப்பன் வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாளுக. மாத்தலே வரல. மறுநா போய் நிக்கேன், 'நீ இன்னும் போகலையா'ன்னு கேக்காளுக."

"அப்புறம்?" என்றான் ஷாஜகான்.

"அப்புறம் என்ன? எப்ப வருமோன்னு எங்கம்மா சாக்கை அவுக்கவே இல்ல. அந்த மழை முடியுற வரைக்கும் வெளிய கெடந்த ரெண்டு தட்டுலதேன் வீடே மாத்தி மாத்திச் சாப்பிட்டோம்."

என் வட்டார நகைச்சுவை அறையில் எங்கேயோ செத்துக் கிடந்தது.

அக்கா முதலில் கூப்பிட்டது கிரெக்கை அல்ல. கீழே ஆள் அனுப்பி முதலாளியை வரச் சொன்னார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு முடிவு எடுத்து, அதனால் யாருடைய வருமானம் போகப் போகிறதோ அவருக்கு முதலில் சொன்னார். நானாக இருந்தால் கிரெக்கிடம் வீர வசனம் பேசிவிட்டு, முதலாளிக்கு இரண்டு நாள் கழித்துத் தபால் போட்டிருப்பேன்.

நடந்ததைச் சொன்னார். முதலாளி நின்றபடியே கேட்டார்.

"எழுதலேன்னா பார்ட்டி போயிடுமா?"

"போயிரும்னுதான் தோணுது முதலாளி."

"இத்தனை நாளும் நடக்காததைத்தானே எழுதினீங்க? இதுவும் அதுதானே? அப்பவும் பொய்தானே?"

"அது கற்பனை முதலாளி. கற்பனைன்னு சொல்லித்தான் குடுத்தோம். இப்ப எழுதுனாத்தேன் பொய்யி."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இலவம்பஞ்சுன்னு சொல்லி ஸ்பாஞ்சை அடைச்சுக் கொடுக்கிறவன் இந்த ரோட்டிலேயே இருக்கான்" என்றார் கடைசியில். "வாங்கினவனுக்கு உடனே தெரியாது. ஒரு வெயில் காலம் படுத்துப் பார்க்கணும். எங்க கடையிலே அதைச் செய்யறதில்லே. கடை கீழே மட்டும்தான்னு நான் எங்கேயும் போர்டு வைக்கல்லியே." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேசுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

கிரெக்கிடம் அக்கா சுருக்கமாகப் பேசினார். வட்டாரம் எதுவும் இல்லை. அதனால் எழுத முடியாது. இது எங்கள் கற்பனை என்று ஒரு விளக்கம் உடனே தருகிறோம், அதை மேலே போடுங்கள். கிரெக் நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே ஒரு முதலாளி இருந்திருப்பார், அவர் மெத்தை வியாபாரியாக இருந்திருக்க மாட்டார். "நீங்கள் இல்லாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள், தெரியும்தானே?" என்றார்.

"தெரியும். அது நாங்களா இருக்க வேண்டாம்" என்றார் அக்கா. குரல் நடுங்கியது. ஆனால் வாக்கியம் நடுங்கவில்லை.

விளக்கத்தை என்னை எழுதச் சொன்னார். ரோமாபுரியில் ஆரம்பித்து, வதந்தியால் வீழ்ந்த ராஜ்ஜியங்கள் வழியாக, கேப்டன் வரைக்கும் வந்தேன். அக்கா படித்தார்.

"சார், மன்னிப்புல எதுக்கு ரோமாபுரி?"

"ஒரு கனம் வருமேன்னுங்க."

"கனமெல்லாம் வேணாம். அந்தப் புள்ளைக்குப் புரியணும்."

மூன்று வரி மிஞ்சியது. இந்த டிரேடு நடக்கவில்லை. நாங்கள் கற்பனையாக எழுதினோம். கேப்டனும் அவர் வீட்டாரும் எங்களை மன்னிக்க வேண்டும். என் எழுத்து வாழ்க்கையில் ஒரு வார்த்தைகூட அலங்காரம் இல்லாத ஒரே படைப்பு அதுதான்.

கிரெக் அதை மேலே போட்டார், அதுவும் பெரிய எழுத்தில். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதற்கு நேர் கீழே இன்னொரு கட்டுரை வந்தது, 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்று. அந்த வட்டாரங்கள் எந்த ஊர் மாடியில் உட்கார்ந்திருந்தன என்று எனக்குத் தெரியாது. கடைசி நாள் வந்தது, போனது. கேப்டன் இருந்த இடத்திலேயே இருந்தார். எங்கள் ஒப்பந்தம் இருக்கவில்லை. மிகவும் மரியாதையான ஒரு மின்னஞ்சலில் அது முடிந்தது.

மறு வாரம் மெத்தைகள் மேலே வந்தன. கூலிக்கு ஆள் வைக்காமல் நாங்களே தூக்கினோம். படி திரும்புகிற இடத்தில் இரட்டைக் கட்டில் மெத்தை மடங்க மறுத்தது. ஒரு முனையில் அக்கா, இன்னொரு முனையில் நான், நடுவில் மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் ஷாஜகான். "மாமா, நான் செத்துட்டேன்" என்று குரல் மட்டும் வந்தது. முதலாளி கீழே இருந்து பார்த்தார்.

பாதி ஏற்றியதும், "போதும், நிறுத்துங்க" என்றார். "சுவரோரமா அடுக்குங்க. ஜன்னல் பக்கம் இவங்க இருக்கட்டும்."

"மாமா, எங்களுக்கு வேற பார்ட்டி இல்லியே" என்றான் ஷாஜகான்.

"அதுக்கென்னடா? மெத்தை மட்டும் வந்த அன்னைக்கே வித்துடுதா? அதுவும் காத்துக்கிட்டுத்தானே இருக்குது?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மெத்தைகளின் அடுக்கு நேராக இருக்கிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

அப்புறம் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஃபுட்பால்காரர்கள் வந்தார்கள், ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழா வந்தது, மெல்ல மெல்ல நீங்கள் இப்போது எழுதுகிற ஆட்டங்கள் வந்தன. அதையெல்லாம் நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று நான் சொல்லப் போவதில்லை. ரொம்ப நாள் ஒன்றுமே வரவில்லை என்பதுதான் நிஜம். அந்த ரொம்ப நாளும் ஜன்னலோரத்து மேஜைகள் எங்களுடையதாகவே இருந்தன. நான் நன்றி சொல்வது அதற்கு.

ஆகவே உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போது, கல்யாணம் வைத்திருக்கும் யாராவது குடும்பத்தோடு மாடியேறி மெத்தை பார்க்க வருவார்கள். முகம் சுளிக்காதீர்கள். எழுந்து வழி விடுங்கள். நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள். அவர்கள் அழுத்திப் பார்க்கட்டும். பாட்டி இருந்தால் படுத்தும் பார்க்கட்டும். பஞ்சு எதுவென்று கேட்டால், என்ன அடைத்திருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.